நிழல் விழாத கோபுரமும் நிஜமான கணக்கர்களும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் ஐதீகத்துக்கு எதிராக வாயைத் திறப்பவன் இந்த ஜில்லாவில் கொஞ்சம் துணிச்சல்காரனாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் பஸ் நிலையத்து ஆட்டோக்காரர் வரையில், ஏதாவது ஒரு சந்தர்ப்பத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்படாதவர் இங்கே அபூர்வம். என் மாமா ஒருவர், வெயில் தாழ்ந்த வேளைகளில் அந்த விமானம் கிழக்கே நீட்டுகிற நிழலில் சௌகரியமாக உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே, விமானத்துக்கு நிழல் கிடையாது என்று வெளியூர் விருந்தாளிகளுக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொல்லுவார். ஒரு நாள் நான் மெதுவாக அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுட்டிக்காட்டினேன். "நாசாவே ஒத்துக்கிட்டாச்சுடா, நீ என்ன பெரிய இவன்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் தக்க பதில் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். விமானம் சுமார் 216 அடி உயரம்; அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகுவது. சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது அதன் நிழல் அதன் மேலேயே படிந்து, அடிப்பீடத்துக்குள் அடங்கிவிடுகிறது. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பதினொரு பாகையில் இருக்கிறபடியால், சூரியன் அதன் தலைக்கு மேல் செங்குத்தாக நிற்பது வருஷத்தில் இரண்டே சமயங்களில்தான்: சித்திரை பிறந்த சில நாட்களில் ஒரு முறை, ஆவணி பிறந்த சில நாட்களில் ஒரு முறை. அந்த உச்சிப்பொழுதில் விமானத்துக்கு மட்டுமல்ல, வாசலில் செருப்பைக் காவல் காக்கும் அம்மாள் நட்டுவைத்திருக்கிற குடைக்கம்புக்கும் நிழல் கிடையாது. மார்கழி மாதத்து நடுப்பகலில் போய்ப் பார்த்தாலோ, விமானத்தின் நிழல் வடக்குச் சுவரைத் தாண்டி நூறடி அளவுக்குத் தரையில் நீண்டு கிடப்பதை யாரும் காணலாம்.

கற்பனைக்கு நான் விரோதி அல்ல. கதை கேட்காமல் வளர்ந்தவனும் அல்ல. ஆனால் காவேரிப் பாசனத்து மண்ணில் கணக்குப் போட்டவர்களையும் விஞ்ஞானம் செய்தவர்களையும் பற்றி நாம் சிருஷ்டித்து உலவவிட்டிருக்கும் அற்புதங்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, அவர்கள் மெய்யாகவே செய்த காரியங்களை மறு தட்டில் வைத்தால், விநோதத்திலும் சுவாரசியத்திலும் கனத்துத் தாழ்ந்து நிற்பது இரண்டாவது தட்டுத்தான் என்பது நெடுநாளாக என் உள்ளத்தில் ஊறிக்கிடக்கும் அபிப்பிராயம். அதற்குச் சாட்சிகளாகச் சிலரை இங்கே அழைக்கிறேன்.

முதல் சாட்சிக்குப் பெயர் இல்லை. அவர் இராஜராஜ சோழனுடைய ஒரு கணக்கர். இராஜராஜன் தன் ராஜ்யத்து நிலங்களை அளப்பித்து, ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய வரியற்ற பகுதிகளைக் கழித்து, மிச்சமுள்ள விளைநிலத்துக்கு இவ்வளவு நெல் என்று நிர்ணயம் செய்த விவரங்கள் பெரிய கோயிலின் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த நில அளவைக் கணக்கில் வரும் மிகச் சிறிய பின்னம் என்று சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவது, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. தமிழ்க் கணக்கில் ஒன்றை 320 கூறாக்கினால் கிடைப்பது ஒரு முந்திரி. அந்த முந்திரியை மறுபடியும் 320 கூறாக்கினால் ஒரு கீழ்முந்திரி. இப்படியே நான்கு படி இறங்கி, அங்கே கிடைத்ததை இன்னும் ஐந்து கூறாக்கினால் இந்தப் பின்னம் வந்து நிற்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் குடியானவர்கள் வாயில் வழங்குகிற கணக்கின்படி ஒரு வேலி என்பது இருபது மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதில் மேற்படி பங்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். அந்த நிலத்தில் ஒரு கடுகை வைத்தால், கடுகு பங்காளியின் வயலுக்குள் புகுந்து, வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போய்விடும். இது கோல் பிடித்து அளந்து வந்த அளவல்ல. பெருக்கியும் வகுத்தும் கழித்தும் வந்த இடத்தில் மீந்து நின்ற பின்னம். இக்காலத்து உத்தியோகஸ்தராக இருந்தால் தலையைச் சொறிந்துவிட்டு அதைத் தள்ளுபடி செய்திருப்பார். அந்தக் கணக்கரோ, மீந்தது எவ்வளவு அற்பமானாலும் மீந்ததுதான் என்று, கடைசி இம்மி வரையில் விடாமல் எழுதிவைத்தார். நிழல் விழாத கோபுரம் எனக்கு வியப்பளிக்கவில்லை. இந்த மனிதரின் பிடிவாதம் அளிக்கிறது.

இந்தப் பின்னங்களையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்த பரம்பரையில் வந்த நூல் காரி நாயனாரின் கணக்கதிகாரம். சோழநாட்டவரான அவர் நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று வாழ்க்கையில் அளக்கத்தக்க சகல வஸ்துக்களுக்கும் கணக்குச் சொல்லிவிட்டு, அத்துடன் நில்லாமல் விளையாட்டிலும் இறங்குகிறார். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கும் அந்நூலைப் படிக்கிறவர்கள் சிரிக்காமல் தாண்ட முடியாத இடம், பலாப்பழத்தை அறுக்காமலே அதிலுள்ள சுளைகளை எண்ணும் உபாயம். காம்பைச் சுற்றியிருக்கிற முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறானால் சுளை நூற்றிருபது.

இது வெறும் சமத்காரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பலாப்பழம் என்பது ஒரு பழம் அல்ல, ஒரு பூங்கொத்து முழுவதும் திரண்டு ஒன்றான கூட்டுக்கனி. வெளியே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. சூல் பிடித்த பூ சுளையாகிறது, பிடிக்காதது சடையாகிறது. ஆகையால் முள்ளுக்கும் சுளைக்கும் சம்பந்தம் உண்டு என்பது தாவர சாஸ்திரமும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் எல்லா மரத்துக்கும் ஒத்துவருமா என்பது வேறு விஷயம். ஆனால் கண்ணுக்குத் தெரிவதை எண்ணி, தெரியாததை அனுமானிக்கிற மனோபாவம் இருக்கிறதே, அதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

அடுத்தவர் சீமையிலிருந்து வந்தவர். 1802-ஆம் வருஷம் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்த தேசத்தையே அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர். அவர் கையிலிருந்த தியோடலைட் என்னும் கோணமானி லண்டனில் வில்லியம் கேரி செய்தது. அரை டன்னுக்குமேல் எடை. சென்னைக்கு வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கப்பலோடு கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு அது சாஸ்திரக் கருவி என்று கண்டு, யுத்த காலத்திலும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்கள் என்றால், அதைக் கதையென்றே யாரும் நினைப்பார்கள்; ஆனால் அது நடந்த விஷயம்.

அந்தக் கருவிக்கு எமன் நம் ஊரில் காத்திருந்தான். முக்கோண அளவைக்கு உயரமான இடம் வேண்டும். வல்லத்து மேட்டை விட்டு இறங்கினால் கடற்கரை வரையில் வயலும் வாய்க்காலும் தென்னையும் மூங்கிலுமாகப் பரந்து கிடக்கும் நம் சீமையில் குன்றுக்கு எங்கே போவது? ஆகவே லாம்டன் கோயில் கோபுரங்களையே குன்றுகளாக்கிக்கொண்டார். 1808-இல் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்த அரை டன் சாமானைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருக்கையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் மூன்றடி விட்டமுள்ள அதன் பெரிய வட்டம் நெளிந்து போயிற்று. வேறொருவராக இருந்தால் சீமைக்குக் கடுதாசி எழுதிவிட்டு, புதுக் கருவி வரும் வரையில் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆப்புகளும் திருகாணிகளும் கப்பிகளும் துணையாக, நெளிந்த வட்டத்தை இழை இழையாக இழுத்து, ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிவைத்த அந்த அளவைதான், அவர் காலமாகிப் பல வருஷங்கள் கழித்து, எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொல்லிற்று. எண்பது டன் என்று சொல்லப்படும் விமானத்துச் சிகரக் கல் எப்படி உச்சிக்கு ஏறியது என்று ஓயாமல் பேசுகிற நாம், அரை டன் கருவி எப்படி அங்கே அடிபட்டது, எப்படிப் பிழைத்தது என்று பேசுவதே இல்லை.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில், திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த சி. வி. ராமனைப் பற்றிய பேச்சு, ஒளிச்சிதறலையும் 1930-ஆம் வருஷத்து நோபல் பரிசையும் தொட்டுவிட்டு நின்றுவிடுவது வழக்கம். எனக்கு அவருடைய மிருதங்க ஆராய்ச்சியில் அதிக மோகம். சாதாரண வட்டத் தோல் ஒன்றைத் தட்டினால் அதில் எழும் நாதங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால்தான் அது வெறும் சத்தமாகக் கேட்கிறது. கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு மசித்து, மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் அடுக்கடுக்காக ஏற்றுகிற கருமையான பூச்சு அந்தத் தோலின் கனத்தை நடுவில் கூட்டி, முதல் ஐந்து நாதங்களையும் சுருதியோடு இசைந்த விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பதை ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த வருஷம் ராமன் வீணையின் பக்கம் திரும்பி, குதிரையின் வளைந்த முகத்தில் தந்தி உரசிப் போவதால், வழக்கமான விதிப்படி ஒலிக்கக்கூடாத உபநாதங்களும் ஒலிக்கின்றன என்று காட்டினார். சோறு வடித்த கையோடு வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்த தொழிலாளிக்கும், பலாக்கட்டையைக் குடைந்த தஞ்சாவூர் ஆசாரிக்கும் சமன்பாடு தெரியாது. ஆனால் விடை தெரிந்திருந்தது.

இனி, கதைகள் அதிகமாகச் சூழ்ந்துகொண்டிருக்கும் மனிதரிடம் வருவோம். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் சொப்பனத்தில் வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டினாள் என்பார்கள். அவருடைய பக்தி மெய்யானது. அதைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் சொப்பனம் கண்டவர் விழித்தபிறகு என்ன செய்தார் என்பதைக் கதை சொல்லுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, அழிக்கத் துணி தேட நேரமில்லாமல் முழங்கையால் துடைத்துத் துடைத்து, முழங்கை கறுத்துப்போன பிள்ளை அவர். 1903-இல் கையில் கிடைத்த, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் நிரூபணமில்லாமல் வரிசையாகக் கிடக்க, அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே நிரூபித்துக்கொண்டு போனவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் கும்பகோணம் காலேஜில் உபகாரச் சம்பளத்தை இழந்து, சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறாமல், 1912-இல் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தவர்.

1729 என்ற டாக்ஸி எண்ணின் கதையை எல்லோரும் அறிவார்கள்: அவரைச் சீமைக்கு வரவழைத்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, தாம் வந்த டாக்ஸியின் எண்ணைச் சாதாரண எண் என்று சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவல்லவோ என்று நோயாளி படுக்கையிலிருந்தே சொன்னது. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் அதுவே. இதை மின்னல் வேகத்து அற்புதமாகச் சொல்லுவார்கள். ஆனால் அந்த எண் முன்பே அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஃபெர்மாவின் சமன்பாட்டை ஒன்றே ஒன்றால் தவறவிடுகிற எண்களை அவர் வெகுநாளாகத் துருவிக்கொண்டிருந்தார். மந்திரக்காரனைவிடப் பழைய சிநேகிதனை அடையாளம் கண்டுகொண்டவன் எனக்கு மேலானவனாகத் தோன்றுகிறான்.

அவருடைய கணிதம் நம் களத்துமேட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்லுகிறேன். களத்தில் நான்கு மரக்கால் நெல் இருக்கிறது; மரக்காலை உடைக்காமல் அதை எத்தனை விதமாகக் குவிக்கலாம்? நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனியே நான்கு. ஆக ஐந்து விதம். ஒன்பது மரக்காலானால் 30 விதம், பதினான்கானால் 135. நூறு மரக்காலுக்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் வரும் விடைகள் எல்லாமே ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பதை முதலில் கண்டவர் ராமானுஜன். எவ்வளவு பெரிய எண்ணுக்கும் இந்தத் தொகையைக் கணிக்கத்தக்க சூத்திரத்தை அவரும் ஹார்டியும் சேர்ந்து 1918-இல் வெளியிட்டார்கள்.

சீமையிலிருந்து 1919-இல் உடல் தேய்ந்து திரும்பியவர், கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் காவேரிக் கரையிலேயே சில மாதங்களைக் கழித்துவிட்டு, சென்னைக்குப் போய், 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் புதிய வகைச் சார்புகளைப் பற்றியே எழுதினார். ஏப்ரல் 26-இல் காலமானார். அப்போதைய ஏடுகள் சில கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. முந்தைய நோட்டுப் புத்தகங்களிலுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபித்து முடிக்க புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு ஐந்து பெரும் தொகுதிகள் தேவைப்பட்டன.

இவ்வளவு உண்மையைச் சொல்லியாகிவிட்டபடியால், கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள எனக்கும் பாத்தியதை உண்டு. இனி வருவது முழுவதும் பொய். மனமறிந்து சொல்லுகிற பொய்.

ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகல். சாரங்கபாணி சந்நிதித் தெருத் திண்ணையில் ஒரு பலாப்பழம் வைக்கப்பட்டிருக்கிறது. சுளை எத்தனை என்று வாதம். காரி நாயனார் காம்பைச் சுற்றிய முட்களை விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார். லாம்டனுக்கு அதில் திருப்தியில்லை. பழத்தை மூன்று திசையிலிருந்து பார்த்தாலொழிய நிச்சயப்படாது என்று சொல்லி, கோணமானியைக் கோபுரத்தில் ஏற்ற அனுமதி கேட்கிறார். கயிற்றை முதலில் சரிபார்க்கும்படி அத்தனை பேரும் ஏக காலத்தில் கூவுகிறார்கள். ராமன் பழத்தை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பழுத்தது நிச்சயம், ஆனால் இந்த மரத்தை வெட்டினால் என்ன சுருதியில் பேசும் என்று யோசனையில் ஆழ்ந்துவிடுகிறார். ராமானுஜன் சுளைகளை எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்பதைச் சிலேட்டில் போட்டு, பிறர் எட்டிப் பார்ப்பதற்குள் முழங்கையால் அழித்துவிடுகிறார். இராஜராஜனின் கணக்கர் மட்டும் வாய் திறவாமல், சுளை, கொட்டை, சடை, கையில் ஒட்டப்போகிற பால் உட்பட எல்லாவற்றையும் கீழ்முந்திரி சுத்தமாகப் பங்கு பிரித்து ஓலையில் எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குள் ராமானுஜனின் தாயார் கோமளத்தம்மாள் அரிவாளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வந்து, பழத்தைப் பிளந்து, ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுக்கிறாள். யார் விடை சரி என்று பார்க்க மிச்சம் ஒரு சுளை இல்லை.

இந்தச் சம்பவம் மெய்யாக நடந்ததென்றும், நாசா ஒத்துக்கொண்டதென்றும் நாளைக்கு உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்தால், அதன் கர்த்தா நான்தான் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். பொய்யென்று முகத்தில் எழுதிக்கொண்டு வருகிற கற்பனையால் யாருக்கும் நஷ்டமில்லை. அது பெரியவர்களைத் திண்ணையில் நம் பக்கத்தில் உட்காரவைக்கிறது. சரித்திர வேஷம் போட்டு வருகிற கற்பனைதான் ஆபத்து. அது, உழைத்தவனிடமிருந்து உழைப்பைப் பிடுங்கி அற்புதத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. ராமானுஜனுக்குத் தெய்வம் எழுதிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டு வளர்கிற கும்பகோணத்துப் பிள்ளை, தனக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்று நோட்டை மூடிவைத்துவிட்டால், அந்தப் பாவம் கதை சொன்னவரைத்தான் சாரும். முழங்கை கறுத்த கதையையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பிள்ளை நோட்டைத் திறப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

ஆகவே, குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். எது நடந்தது, எது நாம் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த சின்ன வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. குழந்தைகளை ஒரு முறை அங்கே அழைத்துப் போங்கள். அதே பல்கலைக்கழகம் 2005 முதல் ராமானுஜன் பெயரால் உலகத்துக் கணித மேதைகளுக்கு வருஷந்தோறும் கும்பகோணத்தில் ஒரு பரிசு வழங்குகிறது. அதைப் பெறுகிறவரின் வயது 32-க்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. ராமானுஜன் வாழ்ந்தது அவ்வளவுதான்.